இதழாசிரியர் என் கதையின் முடிவை மாற்றி அச்சிட்டுவிட்டார். நான் எழுதியபடி இணையத்தில் போடலாமா?

வாவிக்கரை வாசகி (களுவாஞ்சிகுடி):

எல்லோருக்கும் வணக்கம். நான் ‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்களை வைத்துக் கதை எழுதுகிறவள். ரசிகர் புனைவு என்று இதற்கு இப்போது பெயர். நம் பக்கத்தில் ஒரு சிறு குழு ரசிகர் இதழ் ஒன்றை நடத்துகிறது. போட்டோப் பிரதி எடுத்து, நடுவில் கம்பி அடித்து, 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். இதழின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் எழுதமாட்டேன். ஊகித்தவர்களும் தயவுசெய்து இங்கே எழுதவேண்டாம். எனக்கு வேண்டியது நியாயம் எது என்ற தெளிவு.

என் கதை பூங்குழலியைப் பற்றியது. நாவலின் கடைசியில் அவள் சேந்தன் அமுதனை மணக்கிறாள், அவன் உத்தம சோழனாக முடி சூடுகிறான், அவள் அரசியாகிறாள். கோடிக்கரையிலிருந்து ஈழம்வரை தனியாகப் படகு செலுத்திய பெண் அந்த அரண்மனைக்குள் எப்படி மூச்சுவிட்டிருப்பாள் என்பது எனக்குப் பள்ளிக்காலத்திலிருந்தே உள்ள கேள்வி. என் கதையில் அவள் ஓர் இரவு யாருக்கும் சொல்லாமல் கடலில் இறங்கி, ஈழத்தின் கிழக்குக் கரையைச் சுற்றி வந்து, முகத்துவாரத்தால் நம் மட்டக்களப்பு வாவிக்குள் நுழைகிறாள். முழுநிலவு. நம் மீனவர்கள் பாடும்மீன் கேட்பதற்குத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைப்பார்கள் அல்லவா, அதைக் கண்டு அவளும் செய்கிறாள். அவளுடைய அத்தை மந்தாகினி, ஈழத்துக் காடுகளில் அலைந்த ஊமை ராணி, காது கேளாதவள் என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும். நான் எழுதி அனுப்பிய கடைசிப் பத்தி இது:

“துடுப்பின் பிடியைக் காதோடு சேர்த்தாள். கீழே மீன்கள் பாடிக்கொண்டிருந்தன. அத்தை ஒருநாளும் கேட்டிராத பாட்டு. விடியும்வரை அவள் படகைத் திருப்பவில்லை.”

இதழில் அச்சாகி வந்தது இது:

“துடுப்பின் பிடியைக் காதோடு சேர்த்தாள். கீழே மீன்கள் பாடிக்கொண்டிருந்தன. அப்போது தஞ்சை அரண்மனையில் தனக்காகக் காத்திருக்கும் மணாளனின் முகம் அவள் கண்முன் தோன்றியது. பெண்ணுக்குப் பெருமை புகுந்த வீடே என்று உணர்ந்தவளாய், படகைக் கோடிக்கரையை நோக்கித் திருப்பினாள்.”

அத்தையைப் பற்றிய வரி போய்விட்டது. கடைசி வரி போய்விட்டது. நான் வாழ்நாளில் எழுதமாட்டாத ஒரு வசனம் என் பெயரின் கீழ் நிற்கிறது. வெளியீட்டுக் கூட்டத்தில் இதழைக் கையில் வாங்கிய பிறகுதான் கண்டேன். அதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை, அச்சுக்கு முன் சரிபார்க்க மெய்ப்புக் காட்டவில்லை. கூட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து “முடிவு மிகவும் நல்ல படிப்பினை” என்று என்னைப் பாராட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சொன்னவை இரண்டு. முதலாவது, “பாத்திரம் கல்கியுடையது, கதைக்களம் கல்கியுடையது, இதில் உன்னுடையது என்று எதைச் சொல்கிறாய்?” இரண்டாவது, நான் எழுதியபடியே கதையை ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் போடப்போகிறேன் என்றதும், “இதழில் வந்த கதையை இரண்டு வருடத்துக்கு வேறெங்கும் போடக்கூடாது, அதுதான் எங்கள் விதி” என்றார். அப்படி ஒரு விதியை இதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. எதிலும் கையெழுத்து வைக்கவுமில்லை. இப்போது இதழை மின்பிரதியாகவும் அனுப்பப்போகிறார்களாம்.

அவருடைய முதல் பேச்சைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கல்கிக்குப் பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை அதே கதையின் தொடர்ச்சியாக எழுதினார். அந்த நாவலின் வாக்கியங்களை யாராவது கல்கியுடையவை என்பார்களா? பூங்குழலியை நான் படைக்கவில்லை. அவள் வாவிக்குள் வந்த அந்த இரவை நான் படைத்தேன். அதைத் திருத்த வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கவேண்டும், பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும்.

கேள்விகள்: என் மூல வடிவத்தை இப்போதே இணையத்தில் போடலாமா? இதழ்க்காரரிடம் எதைக் கேட்பது நியாயம்?

---

படுவான்கரையான்:

தங்கச்சி, எங்கள் ஊரில் கூத்துக்குக் கதை எல்லாம் பாரதத்திலும் இராமாயணத்திலும் இருந்துதான் வருகிறது. வியாசரிடம் யாரும் அனுமதி வாங்கியதில்லை. ஆனால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கட்டிய பாட்டை மாற்றவேண்டுமென்றால், ஆடுபவர்கள் காலில் சதங்கை அணிவதற்கு முன்னோ, குறைந்தது அடுக்குப் பார்க்கும் ஒத்திகையிலோ பேசித் தீர்ப்பார்கள். அரங்கேற்றத்தன்று சபையில் நின்று மாற்றிப் பாடினால் அண்ணாவியார் மத்தளத்தைக் கீழே வைத்துவிடுவார். உங்களுக்கு நடந்தது அரங்கேற்றத்தன்று மாற்றிப் பாடியது.

போடுங்கள் கதையை. நான் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

---

பழைய றோணியோ (கல்லடி):

மகள், உங்கள் ஆசிரியர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தச் சண்டைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. நான் பல வருடம் ரொறன்ரோவில் இருந்தவன். அங்கே என்னோடு வேலை செய்த ஒரு பெண்மணி ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழ்களை அலமாரி நிறைய வைத்திருந்தார். இதழ் அடுக்கும் நாட்களில் நானும் போய் உதவுவேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொரு பக்கத்தையும் குவியல் குவியலாக வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்போம். அவரிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்தத் தொடருக்கான முதல் ரசிகர் இதழ் ‘ஸ்பொக்கனாலியா’, 1967 இல் நியூயோர்க்கில் வந்தது. நம் பள்ளிக்கூடங்களில் பரீட்சைத் தாள் அடித்த அதே றோணியோ முறைதான். அந்த முறையின் இயல்பைப் பாருங்கள்: எழுத்தாளர் ஓர் ஊரில், ஆசிரியர் வேறு ஊரில். கதை தபாலில் வரும். ஆசிரியர் அதை மெழுகுத்தாளில் தானே திரும்பத் தட்டச்சு செய்வார். செய்யும்போதே ஒரு சொல்லை மாற்றுவார், ஒரு பத்தியை வெட்டுவார், சிலர் காட்சியையே புதிதாக எழுதிச் சேர்த்துவிடுவார்கள். எழுத்தாளர் அதைக் காண்பது தமக்குரிய பிரதி தபாலில் வந்த பிறகுதான். அங்கேயும் எழுதியவருக்குச் சம்பளம் இல்லை. ஓர் இலவசப் பிரதிதான் கூலி. அந்தக் கூலியைப் பிரித்துப் பார்த்துத் தம் கதையைத் தாமே அடையாளம் காணாமல் கொதித்தவர்கள் நிறையப் பேர். ‘இன்டர்ஸ்டாட்’ என்று கடிதங்களுக்காகவே ஓர் இதழ் 1977 முதல் 1991 வரை வந்தது. தொடரைப் பற்றியும் ரசிகர் கதைகளைப் பற்றியும் அதில் நடந்த வாக்குவாதங்களை வாசித்தால் இரத்தம் சூடாகும்.

இன்னொரு சண்டை, கதையைக் கிடப்பில் போடுவது. இதழ் வருகிறது வருகிறது என்று வாசகரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், எழுத்தாளரிடம் கதையும் வாங்கியிருப்பார்கள். இதழ் வராது. கதையைத் திருப்பிக் கேட்டால் பதில் வராது. ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்பக்கூடாது என்ற மரியாதை இருந்ததால், அந்தக் கதை வருடக்கணக்கில் யாருடைய மேசை இழுப்பறையிலோ கிடக்கும். என்னைக் கேட்டால் இது முடிவை மாற்றுவதைவிடக் கொடுமை.

இரண்டு வருட விதியும் அங்கிருந்து வந்ததுதான். இணையம் பரவியபோது அச்சு இதழ் நடத்தியவர்கள் பயந்தார்கள்: கதை இலவசமாகக் கிடைத்தால் காசு கொடுத்து இதழை யார் வாங்குவார்? அதனால் அச்சில் வந்து இவ்வளவு காலத்துக்கு இணையத்தில் போடாதே என்று கேட்டார்கள். கால அளவு இதழுக்கு இதழ் வேறுபட்டது. ஆனால் நேர்மையாக நடத்தியவர்கள் அதைக் கதை கேட்கும் அறிவித்தலிலேயே எழுதினார்கள். எழுத்தாளர் அதை வாசித்துவிட்டு, சம்மதமென்றால் அனுப்பினார். கதையை வாங்கி, மாற்றி, அச்சடித்து, சண்டை வந்த பிறகு எடுத்து நீட்டுவதற்கு விதி என்று பெயரில்லை.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர்கள் சுமந்தது சிறிய சுமை அல்ல. இதழில் அச்சாகும் முகவரி ஆசிரியருடையது. 1981 இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ ரசிகர் இதழ்களில் வந்த பாலியல் கதைகளைப் பற்றி, அந்தப் படங்களை எடுத்த லூகாஸ் ஃபில்ம் நிறுவனம் எச்சரித்து எழுதியபோது, கடிதம் போனது இதழ் வெளியிட்டவர்களுக்கு. அச்சுச் செலவு அவர்களுடையது, மீதிப் பிரதிகள் அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். அதனால் இதைப் போடமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேறொன்றைப் போடும் உரிமை கிடையாது.

ஒரு யோசனை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கதைக்கு வெளியே தனியாக ஒரு முடிவுரை எழுதினார். உங்கள் ஆசிரியருக்குப் பூங்குழலி வீடு திரும்பவேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தால், கதைக்குக் கீழே தன் பெயரில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். கதையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

---

இதழ்க்காரி (அக்கரைப்பற்று):

நான் சிறிய இதழ் ஒன்றின் ஆசிரியர். மேலே சொன்ன இதழ் என்னுடையது அல்ல. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இங்கே ஆசிரியர் என்றாலே கத்தரிக்கோல் பிடித்த எதிரி என்பதுபோல் பேச்சுப் போகிறது.

வரும் கதைகளில் பாதியை நான் உட்கார்ந்து செப்பனிடாவிட்டால் வாசிக்கவே முடியாது. ஒற்றுப்பிழை, ஒரே பத்தியில் இறந்தகாலமும் நிகழ்காலமும், பாத்திரத்தின் பெயர் மூன்றாம் பக்கத்தில் மாறிவிடும். இவற்றைத் திருத்துவதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டால் இதழ் வராது. எங்கள் இதழைப் பாடசாலைப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். ஒரு கதையைப் பற்றி ஒரு தகப்பன் கோபமாகத் தொலைபேசி எடுத்தால், எடுப்பது எனக்கு. எழுத்தாளர் புனைபெயருக்குள் பத்திரமாக இருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு வாசகிக்கு என் பதில்: உங்கள் கடைசிப் பத்தியில் ஒற்றுப்பிழைகூட இல்லை. அவர் செய்தது செப்பனிடுதல் அல்ல. தனக்குப் பிடித்த கதையை உங்கள் பெயரில் எழுதியது. நான் கடைப்பிடிக்கும் எல்லை இதுதான்: எழுத்து, புள்ளி, இலக்கணம் என் கையில். வசனமோ சம்பவமோ மாறினால் பக்கத்தைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் அச்சுக்குப் போகும். இதற்கு ஒரு மாலைநேரம் போதும்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். மற்ற எழுத்தாளர்களும் அதே இதழில் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. இதழ் இப்போதுதான் விற்பனையாகிறது. நாளைக்கே கதையை இணையத்தில் போட்டால் அடி விழுவது அவர்களுக்கும்தான். கொஞ்சம் பொறுக்க முடியாதா?

---

வாவிக்கரை வாசகி:

அக்கா, உங்கள் எல்லையைத்தான் நானும் எல்லையாக நினைக்கிறேன். என் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பொறுப்பது பற்றி உடன்பட மாட்டேன். பிரதி விற்கும் ஒவ்வொரு நாளும் அந்த வசனம் என் பெயரில் இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. அம்மா வாசித்துவிட்டு, “நீயா இப்படி எழுதினாய்?” என்று கேட்டார். மற்ற எழுத்தாளர்களில் இருவரோடு பேசினேன், போடு என்கிறார்கள். அதில் ஒருவருடைய கதையிலும் தலைப்பு மாறியிருக்கிறதாம், அவர் வெளியே சொல்லவில்லை.

---

சட்டப்புத்தகம் (மட்டக்களப்பு):

இணையத்தில் போடலாமா என்ற கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் இதற்குரியது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்.

உன்னுடையது எதுவுமில்லை என்ற வாதம் சட்டத்தில் நிற்காது. ஒரு படைப்பைத் தழுவி எழுதப்படும் படைப்பும் தனியொரு படைப்பாகப் பாதுகாக்கப்படுகிறது. மூலப் படைப்புக்கு உள்ள உரிமை அதனால் குறையாது, அவ்வளவுதான். இங்கே மூலத்தின் சிக்கலும் இல்லை. பாதுகாப்பு எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும். கல்கி இறந்தது 1954 டிசம்பரில். நம் சட்டப்படி அந்தக் காலம் 2024 உடன் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு அவருடைய எழுத்துகளை 1999 லேயே நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆகவே பூங்குழலியை வைத்து நீங்கள் எழுதலாம், ஆசிரியரும் எழுதலாம். உங்கள் வாக்கியங்கள் உங்களுக்கே உரியவை. (இன்னும் பாதுகாப்பு முடியாத நாவலையோ கொரியத் தொடரையோ வைத்து எழுதுகிறவர்களுக்கு நிலைமை இவ்வளவு சுலபமில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

அடுத்தது, அதே சட்டத்தின் 10 ஆம் பிரிவு. பொருளாதார உரிமை வேறு, எழுதியவர் என்ற முறையில் உங்களுக்குள்ள தார்மீக உரிமை வேறு. உங்கள் பெயரோடு, அல்லது நீங்கள் தெரிந்த புனைபெயரோடு படைப்பு வரவேண்டும் என்று கேட்கலாம். உங்கள் மதிப்புக்கும் நற்பெயருக்கும் ஊறு செய்யும் விதத்தில் படைப்பைத் திரித்தால் ஆட்சேபிக்கலாம். பொருளாதார உரிமையை யாருக்குக் கொடுத்தாலும் இது உங்களிடமே இருக்கும்.

இரண்டு வருட விதி: உரிமையைக் கையளிப்பதோ, அனுமதிப்பத்திரம் கொடுப்பதோ எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையொப்பமிட்டிருக்கவேண்டும் என்கிறது சட்டம். நீங்கள் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை என்கிறீர்கள். பிறகு எதை வைத்து உங்களைத் தடுப்பார்? மின்பிரதிக்கும் இதே கேள்வி அவரைத் திருப்பிக் கேட்கலாம். காகிதத்தில் ஒருமுறை அச்சிடத்தான் நீங்கள் கதை கொடுத்தீர்கள். மின்பிரதிக்குத் தனியாக உங்கள் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள்.

300 ரூபாய் இதழுக்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை, போகவும் வேண்டாம். ஒரு கடிதம் போதும். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் அனுப்புங்கள், நீங்கள் முதலில் அனுப்பிய மின்னஞ்சலையும் இணையுங்கள். திகதியோடு இருக்கும் அந்த மின்னஞ்சல்தான் உங்களுக்குப் பலம்.

---

பழைய றோணியோ (கல்லடி):

சட்டப்புத்தகத்துக்கு நன்றி. கதையைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள் மகள்: ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன் தளம் 2009 இலிருந்து நடக்கிறது, நடத்துவது இலாப நோக்கில்லாத அமைப்பு. இதழை எங்கே வாங்கலாம், விலை என்ன என்றெல்லாம் அங்கே போட்டால் விதிமீறல் என்று எடுத்துவிடுவார்கள். முன்குறிப்பில் இதழில் வேறு முடிவோடு வந்தது என்று ஒரு வரி போதும். கோபத்தை முன்குறிப்பில் கொட்டாதீர்கள், கதைக்குள் நுழையும் வாசகருக்கு அது வழிமறிப்பு.

---

இதழ்க்காரி (அக்கரைப்பற்று):

வாசகி சொன்னதைக் கேட்ட பிறகு பொறுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கடிதத்தில் இதையும் சேருங்கள்: விற்காத பிரதிகளில் கதையின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஒட்டுத்தாள். நாலு வரி, ஒரு தாளில் பதினாறு துண்டு வரும், வெட்டிப் பசை தடவினால் வேலை முடிந்தது. நாங்கள் ஒருமுறை கவிஞர் ஒருவரின் பெயர் மாறி அச்சானபோது இப்படித்தான் செய்தோம். அவருக்கு மரியாதை, இதழுக்கும் நட்டமில்லை.

---

வாவிக்கரை வாசகி:

கடிதத்தை இன்று மாலை அனுப்பிவிட்டேன். மூன்று கேட்டிருக்கிறேன்: விற்காத பிரதிகளில் ஒட்டுத்தாள், மின்பிரதியில் என் மூல முடிவு அல்லது என் கதையே இல்லாமல் மின்பிரதி, அடுத்த இதழிலிருந்து எல்லா எழுத்தாளருக்கும் அச்சுக்கு முன் மெய்ப்பு. மூன்றாவதைத் தலைப்பு மாறியவருக்காகவும் சேர்த்தேன்; அவரும் கையெழுத்து வைத்திருக்கிறார்.

ஒட்டுத்தாளுக்கான வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: “இக்கதையின் கடைசி இரு வாக்கியங்கள் இதழாசிரியரால் எழுதப்பட்டவை. எழுத்தாளர் எழுதிய முடிவு:” அதற்குக் கீழே என்னுடைய இரண்டு வரிகள். பூங்குழலி திரும்பவேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பமென்றால், அடுத்த இதழில் அவர் தன் பெயரில் அந்தக் கதையை எழுதட்டும். நான் 300 ரூபாய் கொடுத்து வாங்குவேன் என்றும் எழுதியிருக்கிறேன், உண்மையாகத்தான்.

கதை வெள்ளிக்கிழமை தளத்தில் இருக்கும்.